அக்கா கடலுக்குப் போன ஞாயிறுகள்

ஞாயிற்றுக்கிழமை விடியலில் அக்காவின் ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் வீட்டில் எல்லோருக்கும் கேட்கும். கேட்டதாக யாரும் காட்டிக்கொள்ள மாட்டோம். அந்த வண்டி முதல் அழுத்தலில் கிளம்பாது. இருமும், அடங்கும், மறுபடியும் இருமும். அப்புறம் தெருமுனை வரை ஒரே சீராகப் போய், அங்கே திரும்பும்போது மட்டும் சத்தம் கொஞ்சம் தாழும். அதுவரை எங்கள் வீட்டில் மூச்சு விடுகிற சத்தம்கூட இருக்காது. பிறகு அத்தை புரண்டு படுப்பாள். மூத்தார் எழுந்து, தேவையே இல்லாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவார். நான் என் அறையில் கண்ணைத் திறந்துகொண்டு, இந்த வீடு இன்னும் எத்தனை நாள் வீடாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

அக்கா என்று நான் சொல்வது என் ஓரகத்தியை. என் கணவருடைய அண்ணன் மனைவி. குருவிநத்தத்தில் ஆற்றங்கரைப் பக்கம் எங்கள் மாமியார், அதாவது அத்தையின் வீடு. கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு, இரண்டு மாடு. பயிரை மூத்தார், அதாவது அக்காவின் கணவர், பார்த்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வந்தார். அக்கா பிள்ளையார்குப்பம் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனபோது என் பி.எட். படிப்பு பாதியில் நின்றிருந்தது. முதல் வாரமே அத்தை, “படிச்ச வரைக்கும் போதும்மா” என்று சொல்லப்போனபோது, அடுப்படியில் இருந்தபடியே அக்கா சொன்னாள்: “அவ முடிக்கட்டும் அத்தை. ஆக்கறத நான் பாத்துக்கறேன்.” அவ்வளவுதான். அதிர்ந்து பேசுகிறவள் இல்லை. ஆனால் சொல்லிவிட்டால் அது நடந்துவிடும். நான் கல்லூரியிலிருந்து வரும்போது எனக்கென்று ஒரு தட்டில் சோறு மூடி வைத்திருப்பாள். சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட மாட்டாள். தட்டு இருக்கும்.

அப்படிப்பட்டவள்தான் ஞாயிறுதோறும் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ட்யூட்டி இருக்கு” என்பாள். மருத்துவமனையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டுதான். அதனால் ஆரம்பத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு நாள் கழுத்தில் மாட்டும் அடையாள அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று பதறி, மூத்தார் அதை எடுத்துக்கொண்டு பைக்கில் ஓடினார். லேபில் இருந்த பெண், “அவங்களுக்கு இன்னிக்கி லீவு ஆச்சேண்ணே” என்றாள். அவர் திரும்பி வந்தார். அட்டையை எடுத்த ஆணியிலேயே மாட்டினார். மதியம் அக்கா வந்தபோது வேலை எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அத்தைதான் மகனின் முகத்தைப் பார்த்து நாலு நாள் கழித்து விஷயத்தைப் பிடுங்கினாள். பிடுங்கியதற்காக அப்புறம் வருத்தப்பட்டாள்.

அதற்குப் பிறகு கடலோரப் பனித்திட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள் ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துக்கொண்டே, “உங்க மூத்த மருமவ வண்டி சவுக்குத் தோப்பாண்ட நின்னுக்கினு இருந்துது. கூட ஆம்பளைங்கல்லாம் இருந்தாங்க. எங்க ஊருல யாருனா உங்களுக்கு ஒறவா?” என்று சாதாரணமாகக் கேட்டாள். அத்தை சங்கரா மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மீனில் என்ன பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. “ஆமாமா, ஒறவுதான்” என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஏன் யாருமே அவளிடம் நேராகக் கேட்கவில்லை என்று இப்போது கேட்கலாம். நானும் பல தடவை யோசித்திருக்கிறேன். கேட்டுவிட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாள் என்பதுதான் காரணம். அவள் பதில் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு எல்லோரும் ஏதாவது செய்தாக வேண்டும். பள்ளிக்கூடம் போகிற அக்காவின் பையன் அந்த வீட்டில் இருந்தான். கேட்காமல் இருக்கிற வரைக்கும் காலையில் காப்பி உண்டு, மாலையில் விளக்கு உண்டு, எல்லோரும் ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டோம். ஆனால் மூத்தார் இளைத்துக்கொண்டே வந்தார். இரவில் முற்றத்தில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும். சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டுக் கையைக் கழுவுவார். அக்காவும் வாடித்தான் போனாள். இவர் ஏன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை. கரும்பு வெட்டு தள்ளிப்போகிற கவலை என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கார்த்திகையில் ஒரு புயல் கரையைத் தொட்டது. சனிக்கிழமை முழுக்க மழை. கரண்ட் போய்விட்டது. ஆற்றில் செந்நிற வெள்ளம் புரண்டு போவது எங்கள் தோட்டத்திலிருந்தே தெரிந்தது. ஞாயிறு விடியும்போது மழை விட்டிருந்தது. காற்று மட்டும் விடவில்லை. முருங்கை மரம் முறிந்து கிணற்றடியில் கிடந்தது. கரும்பெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. அப்படிப்பட்ட காலையில், எல்லோரும் கூரை ஓடுகளைப் பார்க்கவும் மாட்டைப் பார்க்கவும் ஓடிக்கொண்டிருக்கும்போது, அக்கா தலையில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டியை வெளியே தள்ளினாள். அவள் முகத்தில் ஒரு அவசரம். சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது. கல்யாணத்துக்குக் கிளம்புகிற பெண்ணின் முகத்தில் இருக்கிற அவசரம்.

அத்தை அடுப்படியில் என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. “இந்தக் காத்துல எவ கடலுக்குப் போவா? நீ கூடப் போடி. இன்னா ஏதுன்னு பாத்துக்கினு வா. எம்புள்ள செத்துடுவான் போல கீறான்” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் மறுத்திருப்பேன்.

வாசலுக்கு ஓடி, “அக்கா, நானும் வரட்டா?” என்று கேட்டேன். தயங்குவாள், சாக்குச் சொல்வாள், அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்து நெடுநாள் ஆகியிருந்தது. “வரியா? காத்து தூக்கிக்கினு போயிடும்டி ஒன்ன. பொடவ வேணாம், சுடிதார் போட்டுக்கினு வா. சீக்கிரம்” என்றாள்.

பாகூர் தாண்டும்போது ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளியது. நான் அவள் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மெயின் ரோட்டில் ஏறியதும் மருத்துவமனைப் பக்கம் போகாமல் கடல் பக்கம் திரும்பினாள். எதையும் மறைக்கவில்லை, நான் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே அவளுக்கு ஒரு பொருட்டாக இல்லை. அந்தத் திருப்பத்தில் நான் ஒரு முடிவு எடுத்தேன். அங்கே எதைப் பார்த்தாலும் சரி, அத்தையிடம் போய், “ஆஸ்பத்திரி வேலைதான் அத்தை, முகாம் போட்டிருக்காங்க” என்று சொல்லிவிடுவது. மூத்தாரின் முகம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் அந்தச் சோற்றுத் தட்டை மூடி வைத்த கை எனக்கு முன்னால் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் வேறு என்ன செய்ய முடியும்? பொய்யை வார்த்தை வார்த்தையாக மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேதான் பனித்திட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சவுக்குத் தோப்பின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினாள். தோப்புக்குள் காற்று ஊளையிட்டது. மீனவர்கள் படகுகளையெல்லாம் மேட்டுக்கு ஏற்றிக் கட்டியிருந்தார்கள். கடல் கலங்கி, சேற்று நிறத்தில், ஒழுங்கில்லாமல் கரையில் வந்து விழுந்துகொண்டிருந்தது. மணல் ஊசி ஊசியாக முகத்தில் அடித்தது. படகுகளின் மறைவில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மழைக்கோட்டு போட்ட, நரைத்த தலை அம்மா ஒருவர். மருத்துவமனையில் கண் டாக்டர் என்று பிறகு தெரிந்தது. தாடி வைத்த ஒருவர். அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். இன்னும் இரண்டு மூன்று பேர். எல்லோர் கழுத்திலும் பைனாகுலர் தொங்கியது. அக்காவைப் பார்த்ததும் டாக்டரம்மா காற்றை மீறிக் கத்தினார்: “வாங்க வாங்க, இப்பத்தான் ஆலாக் கூட்டம் ஒண்ணு எறங்குச்சு!”

அக்கா தன் கைப்பைக்குள் கையை விட்டாள். உள்ளே சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில், பழைய துணியில் சுற்றி, அவளுக்கும் ஒரு பைனாகுலர் இருந்தது. அதை என் கழுத்தில் மாட்டி, “அந்த மணல்திட்டப் பாரு. வெரல வெச்சி இந்தச் சக்கரத்தத் திருப்பு” என்றாள்.

முதலில் சாம்பல் நிறம்தான் தெரிந்தது. சக்கரத்தைத் திருப்பத் திருப்பச் சட்டென்று தெளிந்தது. மணலில் வரிசையாக வெள்ளைப் பறவைகள், அவர்கள் சொன்ன ஆலாக்கள். தலையில் மட்டும் கறுப்பு. ஒன்றுகூடத் திரும்பி நிற்கவில்லை. அத்தனையும் காற்று வரும் திசையில் முகத்தை வைத்து, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றன. பலமாக ஒரு வீச்சு வரும்போது எல்லாம் சேர்ந்து ஒரு அடி பின்வாங்கும், மறுபடி முன்னால் வரும்.

“இதுக்கா?” என்றேன்.

“எதுக்கு?” என்றாள் அக்கா.

“ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம… இதுக்கா வந்தே?”

“பின்ன இன்னாத்துக்கு?” என்று அவள் திரும்பிக் கேட்டாள். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. எங்கள் வீட்டில் நாங்கள் மாதக்கணக்கில் சுமந்தது எதுவுமே அவளுக்குத் தெரியாது. எனக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். அதற்குப் பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மணல் விழுந்துவிட்டது என்று நினைத்து அவள் துப்பட்டா நுனியால் என் கண்ணை ஒற்றி, “கசக்காத, கசக்காத” என்றாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த பொய்யை ஒவ்வொரு வார்த்தையாகக் கீழே போட்டேன்.

அவளிடம் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தாடிக்காரர் கையைக் காட்டிக் கத்தினார். தூரத்தில், தண்ணீர் ஓரமாக, ஏதோ கறுப்பாகக் கிடந்தது. அதைச் சுற்றி நாய்கள். மேலே காகங்கள் இறங்கி இறங்கிக் கொத்தின. அக்கா ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. வீட்டில் பால் பொங்கினால்கூட நடந்துதான் போவாள். காற்றுக்கு எதிரே தலையைக் குனிந்துகொண்டு, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். தாடிக்காரர் பின்னால் ஓடி, மணலை வாரி இறைத்து நாய்களை விரட்டினார். அவள் மண்டியிட்டாள். அவரும் மண்டியிட்டு, தன் மழைக்கோட்டை விரித்துக் காற்றுக்கு மறைப்புப் பிடித்தார். இரண்டு தலைகளும் அந்தக் கோட்டுக்குள் நெருங்கிக் குனிந்தன.

அப்போதுதான் சவுக்குத் தோப்பிலிருந்து மூத்தார் வெளியே வந்ததைப் பார்த்தேன்.

நான் வண்டியில் ஏறியதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக மரத்தின் பின்னால் நின்றாரோ தெரியாது. அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் படகு மறைவில் இருந்தவர்கள் தெரிந்திருக்க மாட்டார்கள். தெரிந்ததெல்லாம் கடற்கரையில் தன் மனைவியும் யாரோ ஓர் ஆணும் ஒரே கோட்டுக்குள் குனிந்திருப்பது மட்டும்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக நடந்தார். ஏதோ கத்தினார். வாய் திறந்து மூடுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. “மாமா! மாமா!” என்று நானும் கத்தினேன். காற்றில் என் சத்தமும் என் பின்னால்தான் போனது. ஓட ஆரம்பித்தேன். மணலில் கால் புதைந்தது. அவர் கை முறுக்கேறியிருந்ததை அந்தத் தூரத்திலிருந்தே பார்த்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான ஓட்டத்தை நான் ஓடியதில்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் அவர் அவள் பின்னால் போய் நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது அவருக்கு. “ஏய்!” என்றார். அக்கா திரும்பவில்லை. அவர்கள் கூட்டத்தில் யாரோ வந்திருப்பதாக நினைத்து, ஒரு கையைப் பின்னால் நீட்டினாள்.

“துண்டு இருந்தா குடுங்க. சீக்கிரம்.”

அவர் தோளில் துண்டு இருந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். காகம் கொத்தியதோ பறவை கொத்தியதோ, அதில் ரத்தம் கோடு கோடாக வழிந்தது. அவர் துண்டை எடுத்து அந்தக் கையில் வைத்தார். எதற்காக வந்தார், என்ன செய்ய வந்தார் என்பதெல்லாம் அந்த நொடியில் எங்கே போனது என்று அவருக்கே தெரிந்திருக்காது. மனைவி கையை நீட்டிக் கேட்டாள், கொடுத்தார். அவ்வளவுதான்.

அவள் துண்டைப் பறவையின் மேல் போட்டு, மெதுவாகச் சுற்றி எடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து திரும்பினாள். எதிரே மூத்தார்.

“நீங்களா?” என்றாள். “நீங்க எப்போ வந்தீங்க?”

அவர் துண்டைப் பார்த்தார். அதிலிருந்து கறுத்த ஒரு தலையும், நீண்ட கூரிய அலகும், ஈரமான ஒரு கண்ணும் எட்டிப் பார்த்தன. நெற்றி மட்டும் வெள்ளை. “இன்னாடி இது?” என்றார்.

“ஆலால ஒரு வகை. இது நம்ம பக்கம் வர்றது இல்ல. நடுக்கடல்ல இருக்கறது. பொயலு தள்ளிக்கினு வந்துடுச்சி. கொஞ்சம் புடிங்க, எனக்குக் கை எரியுது.”

அவர் கையில் கொடுத்தாள். மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிற கை அது, பிடிக்கத் தெரிந்தது. பிடித்ததுமே பறவை அவர் கட்டைவிரலைக் கடித்தது. “ஸ்ஸ்” என்றாரே தவிர விடவில்லை. தாடிக்காரர் கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு, “சார்தான் உங்க வீட்டுக்காரரா? வணக்கம் சார்” என்றார். மூத்தார் இரண்டு கையிலும் பறவையை வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். நான் மூச்சிரைக்க நின்றேன். என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அதற்கும் மணல்தான் காரணம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிட முடியும்.

படகு மறைவுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் அவர்கள் பேசினார்கள். பேச்சை நான் கேட்டேன், கேட்காமல் இருக்க வழியில்லை. காற்றுக்குப் பயந்து எல்லோரும் ஒட்டி உட்கார்ந்திருந்தோம்.

“ஆஸ்பத்திரிக்கு வந்தேன் ஒரு நாளு. ஒன் அட்டைய எடுத்துக்கினு. லீவுன்னாங்க” என்றார் பறவையைப் பார்த்துக்கொண்டே.

அக்கா சட்டென்று புரிந்துகொண்டாள். அவள் முகத்தில் நிறம் போனது. என்னைப் பார்த்தாள், தோப்பைப் பார்த்தாள், அவர் வந்த வழியில் மணலில் பதிந்திருந்த கால் தடங்களைப் பார்த்தாள். “அதனாலதான் இத்தினி நாளா…” என்றாள். அவர் துண்டின் ஓரத்தை இழுத்துவிட்டார்.

“குருவி பாக்கப் போறேன்னு சொன்னா நீங்க நம்பியிருப்பீங்களா? ஊரே சிரிச்சிருக்கும். நீங்களும் சிரிச்சிருப்பீங்க.”

அவர் யோசித்தார். நேர்மையான மனிதர். “சிரிச்சிருப்பேன்” என்றார். “சிரிச்சிட்டு வுட்டிருப்பேன். ராத்திரில தூக்கமாவது வந்திருக்கும்.”

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே” என்றாள் அக்கா.

“கேட்டிருக்கலாம்.”

அக்கா அழுதாள். சத்தம் இல்லாமல், மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டு. அவர் அவளைத் தொடவில்லை. கையில் பறவை இருந்தது. ஆனால் காற்று வந்த பக்கம் தன் முதுகு இருக்கும்படி நகர்ந்து உட்கார்ந்தார்.

டாக்டரம்மா வனத்துறைக்குப் போன் செய்தார். சாலையில் மரம் விழுந்து கிடக்கிறது, நாளைக் காலைதான் வர முடியும், அதுவரை இருட்டான பெட்டியில் தொந்தரவு செய்யாமல் வைத்திருங்கள் என்றார்கள். யார் வீட்டில் வைப்பது என்ற பேச்சு வந்தபோது, மூத்தார் முந்திக்கொண்டு, “எங்க வூட்டுல வெச்சிக்கறோம்” என்றார். டீக்கடையில் பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்று வாங்கி, ஓட்டை போட்டு, துண்டோடு பறவையை உள்ளே வைத்தோம். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் பைக்கில் ஏறினாள். ஸ்கூட்டியை நான் ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தேன். வழி நெடுக அவர்கள் பேசியதாகத் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் வண்டியை ஏறக்குறைய நிறுத்தி, மெல்ல இறக்கி, மெல்ல ஏற்றினார். சாதாரணமாக அந்த ரோட்டில் அவர் ஓட்டுகிற வேகத்துக்கு அத்தை பின்னால் உட்காரவே மாட்டாள்.

வாசலில் அத்தை நின்றிருந்தாள். மூன்று பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்து அவள் முகம் என்னவோ ஆனது. “இன்னாடா பொட்டியில?” என்றாள்.

“குருவி. கடல் குருவி” என்றார் மூத்தார். “உன் மருமவ இதத்தான் பாக்கப் போறாளாம், வாரா வாரம்.”

அத்தை பெட்டியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று நான் தலையாட்டினேன். அவள் அப்படியே படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள் ஒரு வசவு! “அடிப்பாவி, இதுக்கா எம்புள்ள சோறு துன்னாம கெடந்தான்? வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்தே? சொன்னா நாங்க இன்னா கட்டியா போட்டுடுவோம்? ஏண்டா, ஒனக்கு வாயி இல்ல? பொண்டாட்டிய ஒரு வார்த்த கேக்கத் துப்பில்லாதவன் நீயெல்லாம்…” காப்பி போட்டுக்கொண்டே திட்டினாள். அந்தக் காப்பியை ஆற்றிக்கொண்டே திட்டினாள். அக்காவின் கைக்கு மஞ்சள் அரைத்துப் போட்டுக்கொண்டே திட்டினாள். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு அதைக் கேட்டோம். வீட்டில் இத்தனை சத்தம் கேட்டு எவ்வளவு நாள் ஆகியிருந்தது! மழையில் நனைந்த விறகு திடீரென்று பற்றிக்கொண்டது போல எனக்கு உடம்பெல்லாம் கதகதப்பாக இருந்தது.

பெட்டியை நெல் மூட்டைகள் அடுக்கிய அறையில் வைத்தோம். அத்தை ஒரு தட்டில் சோறு கொண்டுவந்தாள். வேண்டாம் என்றாள் அக்கா. மத்தி மீன் துண்டு கொண்டுவந்தாள். அதுவும் வேண்டாம், தொந்தரவு செய்யக் கூடாது என்றாள். “வந்த வூட்டுல பட்டினியா போடறது?” என்று அத்தை முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காற்று அடங்கியிருந்தது. வானம் கழுவிவிட்டது போல இருந்தது. வனத்துறைக் காவலர் ஒருவர் பனித்திட்டுக்கு வந்து பறவையின் இறக்கையை விரித்துப் பார்த்து, முறிவு இல்லை, விட்டுவிடலாம் என்றார். அத்தையும் வந்திருந்தாள். என் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். யார் விடுவது என்று பேச்சு வந்தபோது அக்கா மூத்தாரைப் பார்த்தாள்.

“உள்ளங்கையில வெச்சி ஒசத்துங்க. தூக்கிப் போட்டுடாதீங்க. அதுவா போவட்டும்.”

அவர் இரண்டு கையையும் சேர்த்து, தலைக்கு மேலே உயர்த்தினார். பறவை கையிலேயே உட்கார்ந்திருந்தது. கடலைப் பார்த்தது. இறக்கையைக் கொஞ்சம் விரித்தது, மடக்கிக்கொண்டது. எனக்குப் பயமாகிவிட்டது. இது போகாது, இவர் கையிலேயே விழுந்து செத்துவிடும், இவ்வளவும் நடந்து கடைசியில் இதைப் புதைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம் என்று தோன்றியது. அக்காவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. மூத்தார் கையை இறக்கவில்லை. தோள் வலித்திருக்கும்; முகம் சுளித்தது; இறக்கவில்லை. பிறகு, எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் அது கிளம்பியது. அலைகளுக்கு மேலே தாழ்வாகப் போய், ஒரு தடவை சாய்ந்து திரும்பி, அப்புறம் உயர்ந்து, கறுப்பாய் வெள்ளையாய் மாறி மாறித் தெரிந்து, கடைசியில் அக்காவின் பைனாகுலருக்கு மட்டும் தெரிந்தது. “போவுது… போவுது… நல்லாப் போவுது…” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மூத்தார் இன்னும் கையை உயர்த்தியபடியே நின்றிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தார். சாய்ந்த கரும்பைக் கட்டுவதற்கு ஆட்கள் வந்தார்கள். அத்தை வாசலிலேயே அவர்களை மறித்து, “தூங்கறான். யாரும் எழுப்பாதீங்க. கரும்பு எங்கியும் போயிடாது” என்று திருப்பி அனுப்பினாள். மதியச் சோறு ஆறியது. மாடு கத்தியது. அவர் குறட்டை தெருவரைக்கும் கேட்டது.

அன்று மாலை கிணற்றடியில் துணி அலசும்போது நான் அக்காவிடம் கேட்டேன், எதற்காக இதை ஆரம்பித்தாள் என்று. வேலையில் கஷ்டமா, வீட்டில் யாராவது ஏதாவது சொன்னோமா, மனதில் ஏதாவது குறையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒரு பெண் ஒன்றைச் செய்தால் அதற்குப் பின்னால் ஒரு துக்கம் இருந்தாக வேண்டும் என்றே நானும் நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது. அவள் துணியைப் பிழிந்து உதறினாள். “ஒரு நாளு டாக்டரம்மா இட்டுக்கினு போனாங்க. புடிச்சிருந்துது. அவ்ளோதாண்டி” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “நான் பொய் சொன்னது தப்புதான். ஆனா அவரு அந்த அட்டையத் திருப்பி ஆணில மாட்டிட்டு, நான் வந்தப்புறம் என் மொகத்தப் பாத்துக்கினே இருந்தாரு பாரு, அத நெனச்சா எனக்கு ஆறவே இல்ல” என்றாள். அது ஆறுவதற்கு நாள் ஆனது. ஆறியது.

இப்போது நாங்கள் வில்லியனூர்ப் பக்கம் வந்துவிட்டோம். நான் ஒரு பள்ளியில் ஆசிரியை. விடுமுறைக்குக் குருவிநத்தம் போகும்போது ஞாயிறு காலையில் அக்கா வீட்டில் இருக்க மாட்டாள். எங்கே என்று யார் கேட்டாலும், “குருவி பாக்கப் போயிருக்கா” என்று அத்தை வாசலுக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும் என்பது போல. மூத்தார் கூடப் போவதில்லை. போய்ப் பார்த்தார், சரிப்படவில்லை. “எனக்கு அது போர்ம்மா. நின்ன எடத்துல நிக்கணும், பேசக் கூடாது” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். அதில் எனக்கு ஒரு நிம்மதி உண்டு. மனைவிக்குப் பிடித்தது தனக்கும் பிடித்துவிட்டதாக அவர் நடித்திருந்தால் மறுபடியும் ஒரு பொய் அந்த வீட்டுக்குள் வந்திருக்கும்.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். ஞாயிறு ராத்திரிச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் படுத்திருந்தோம். “இன்னிக்கி இன்னா பாத்தே?” என்று மூத்தார் கேட்டார். அக்கா சொல்ல ஆரம்பித்தாள். உள்ளான், அதில் சின்ன உள்ளான், பட்டாணி உள்ளான், ஏரியில் இறங்கிய வாத்துக் கூட்டம், மீன்கொத்தி ஒன்று நண்டைப் பிடித்துக் கல்லில் அடித்த கதை. அவர் “ம்” கொட்டிக்கொண்டே வந்தார். “ம்” மெல்ல நீண்டது. பிறகு நின்றது. தூங்கிவிட்டார். அக்காவுக்கும் அது தெரியும். குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, அந்த நண்டு என்ன ஆனது என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள்.